கிரிஸ்லி வாழும் காட்டில் நடக்கப் போகிறவர்களுக்கு

பள்ளிப் பாடத்தில் வந்த அந்தக் கதையை யாரும் மறந்திருக்க மாட்டோம். நண்பர்கள் இருவர் காட்டு வழியே போகிறார்கள். எதிரே கரடி வருகிறது. ஒருவன் மரத்தில் ஏறிக்கொள்ள, மற்றவன் மூச்சை அடக்கிக்கொண்டு பிணம்போல் கிடக்கிறான். கரடி முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. அந்தக் கதை நட்பைப் பற்றியது, கரடியைப் பற்றியது அன்று. ஆனாலும் கோடை விடுமுறைக்கு அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கோ கனடாவின் பான்ஃப் பூங்காவுக்கோ புறப்படும் தமிழ்க் குடும்பங்களில் பலருக்குக் கரடியைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான். அங்குள்ள கருங்கரடி நம்மைவிட வேகமாக மரம் ஏறும். கிளைகள் வாகாக அமைந்தால், பழுப்புக் கரடி வகையைச் சேர்ந்த கிரிஸ்லியும் ஏறும். படுத்துக்கொள்வது உண்மையிலேயே உயிரைக் காக்கக்கூடிய செயல்தான் என்றாலும், அது ஒரு வகைத் தாக்குதலுக்கு மட்டுமே பொருந்தும். மற்றொரு வகையில் அதுவே ஆபத்தாக முடியும்.

கரடியால் மனிதருக்கு நேரும் தீங்குகளுக்கு இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன: ஒன்று, மிக அருகில் போய் அதைத் திடுக்கிட வைப்பது, மற்றொன்று, நம் சாப்பாட்டு வாசனை. இரண்டும் கரடியைப் பார்ப்பதற்கு முன்பே நாம் கவனிக்க வேண்டியவை. ஆகவே இந்தக் கட்டுரையிலும் கரடி எதிரில் வந்த பின் செய்ய வேண்டியதைவிட, அது வராமலிருக்கச் செய்ய வேண்டியவற்றுக்கே கூடுதல் இடம் தந்திருக்கிறேன்.

எந்தக் கரடி என்று தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இருப்பது கருங்கரடி மட்டுமே. ஷெனன்டோவா, கிரேட் ஸ்மோக்கி போன்ற கிழக்குப் பகுதிப் பூங்காக்களில் நடப்பவர்கள் கிரிஸ்லியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கலிபோர்னியாவின் கொடியில் கிரிஸ்லி நிற்கிறதே தவிர, அம்மாநிலத்துக் காடுகளிலிருந்து அது சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அழிந்துவிட்டது. எனவே யோசெமிட்டியிலும் கருங்கரடிதான். வயோமிங், மொன்டானா, ஐடஹோ மாநிலங்களில் பரவியுள்ள யெல்லோஸ்டோன், அதன் தெற்கே உள்ள கிராண்ட் டீட்டான், வடக்கே கனடா எல்லையை ஒட்டிய கிளேசியர், எல்லைக்கு அப்பால் பான்ஃப், ஜாஸ்பர், அதற்கும் மேலே அலாஸ்கா ஆகிய இடங்களில் இரண்டு இனங்களும் வாழ்கின்றன.

நிறத்தை வைத்து அடையாளம் காண முயல வேண்டாம். கருங்கரடி என்று பெயர் பெற்றது பழுப்பாகவும் செம்பட்டையாகவும் இருக்கும். கிரிஸ்லி கறுப்பாகவும் இருக்கும். தோளுக்கு மேல் திமில்போல் தசை புடைத்திருந்தால் அது கிரிஸ்லி. அதன் முகம் நெற்றிக்கும் மூக்குக்கும் இடையே உள்வாங்கியிருக்கும், காதுகள் சிறியவை, முன்கால் நகங்கள் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் வரை நீண்டிருக்கும். கருங்கரடிக்குத் திமில் கிடையாது, முகம் நேராக இறங்கும், காதுகள் பெரியவை. இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பது தாக்குதலைப் பற்றிய பகுதியில் விளங்கும்.

நம் ஊர்க் கரடி இவை இரண்டிலும் சேராத தனி இனம். ஆயினும் நீலகிரியில் விளக்கில் ஊற்றிய எண்ணெயைத் தேடிக் கோயிலுக்குள் புகும் கரடிகளைப் பற்றிச் செய்தித்தாளில் படித்தவர்களுக்கு, எண்ணெய் வாசனை கரடியை எவ்வளவு தூரம் இழுத்து வரும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

புறப்படும் முன்

பூங்காவுக்குள் நுழைந்ததும் முதலில் பார்வையாளர் மையத்துக்குச் சென்று, அன்றைய நிலவரத்தை ரேஞ்சரிடம் கேளுங்கள். யெல்லோஸ்டோனில் கரடிகளுக்காகவே ஆண்டின் சில மாதங்களில் மூடப்படும் பகுதிகள் உண்டு. பாதைத் தொடக்கத்தில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைத் தாள், நேற்றோ இன்று காலையோ அங்கே கரடி நடமாடியதைக் குறிப்பதாக இருக்கலாம். ‘இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்துவிட்டோமே’ என்ற எண்ணத்தில் அதைக் கடந்து போகாதீர்கள். அதே பூங்காவில் நடப்பதற்கு வேறு பாதைகள் நிறைய இருக்கின்றன.

மூன்று பேராவது சேர்ந்து நடக்க வேண்டும் என்பது யெல்லோஸ்டோன் நிர்வாகத்தின் அறிவுரை. அங்கே கரடியால் காயமடைந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தனியாகவோ இருவராகவோ நடந்தவர்களே. கூட்டமாகச் செல்பவர்கள் இயல்பாகவே அதிகச் சத்தம் எழுப்புவார்கள் என்பதோடு, கரடியின் கண்ணுக்கும் பெரிதாகத் தெரிவார்கள். ஆனால் பத்துப் பேராகப் புறப்பட்டு, வேகமாக நடக்கும் இளைஞர்கள் ஒரு கிலோமீட்டர் முன்னால் போய்விட, தாத்தாவும் பாட்டியும் பின்னால் தனியே வருவார்களானால் அது கூட்டம் ஆகாது. குழந்தைகள் பெரியவர்களுக்கு நடுவில், கைக்கெட்டும் தூரத்தில் நடக்க வேண்டும். வளைவைத் தாண்டி முதலில் ஓடிப் பார்க்கும் உரிமை எந்தக் குழந்தைக்கும் வேண்டாம். நாயை யெல்லோஸ்டோனின் நடைபாதைகளில் அழைத்துச் செல்லவே அனுமதியில்லை. அனுமதி உள்ள இடங்களிலும் கயிற்றை அவிழ்த்துவிடாதீர்கள். அவிழ்த்துவிட்ட நாய் கரடியைச் சீண்டிவிட்டு நேராக உங்களிடமே ஓடி வரும், கரடியும் அதன் பின்னாலேயே வரும்.

பொழுது விடியும் நேரத்திலும் அந்தி சாயும் நேரத்திலும் கரடிகள் அதிகம் நடமாடும் என்பதால், நடையைப் பகல் வெளிச்சத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பருவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். குளிர்கால உறக்கத்திலிருந்து எழும் கரடிகள் மே, ஜூன் மாதங்களில் எல்க் மான் குட்டிகளைத் தேடிப் புல்வெளிகளில் அலையும். தாய்க் கரடிகளுடன் சின்னஞ்சிறு குட்டிகள் இருக்கும் காலமும் அதுவே. ஆகஸ்ட் கடைசியிலிருந்து, அடுத்த உறக்கத்துக்குக் கொழுப்பைச் சேர்த்துக்கொள்வதற்காக நாள் முழுவதும் தின்றுகொண்டே இருக்கும். காட்டுப் பழப் புதர்களுக்குள் தலையைப் புதைத்துத் தின்னும் கரடிக்கு நீங்கள் வருவது தெரியாது. உங்களுக்கும் அது அங்கே இருப்பது தெரியாது.

நடக்கும்போது

சத்தம் போட வேண்டும். பூங்காவின் அமைதியை நாடி வந்தவர்களுக்கு இது கசப்பாக இருக்கும் என்றாலும், மனிதன் வருகிறான் என்று முன்கூட்டியே தெரிந்தால் பெரும்பாலான கரடிகள் தாமாகவே விலகிவிடும் என்பதால், இதைவிட மலிவான காப்பு வேறில்லை. அமெரிக்கர்கள் ‘ஹே பேர்’ என்று கூவுவார்கள். நீங்கள் ‘கரடியாரே, நாங்கள் வருகிறோம்’ என்று தமிழில் கூவினாலும் பலன் ஒன்றுதான். கரடிக்கு வேண்டியது மனிதக் குரல், மொழியன்று. கைதட்டலாம், உரக்கப் பேசிக்கொண்டே போகலாம். எதிர்க்காற்று வீசும்போது உங்கள் வாசனை முன்னால் போகாது, ஓடையின் இரைச்சலில் உங்கள் பேச்சும் கேட்காது. அத்தகைய இடங்களிலும் கண்ணுக்கு மறைந்த வளைவுகளிலும் அடர்ந்த புதர்களுக்கு இடையிலும் குரலை இன்னும் உயர்த்துங்கள். கடைகளில் விற்கும் கரடி மணிகளை நம்பாதீர்கள். அந்தக் கிணுகிணுப்பு சில அடிகளுக்கு அப்பால் கேட்பதே அரிது. காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு நடப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.

கண்ணும் மூக்கும் விழித்திருக்கட்டும். ஈரமான சாணம், புரட்டிப் போட்ட கற்கள், பிளந்து கிடக்கும் உளுத்த மரக்கட்டை, மண்ணில் பதிந்த நகத் தடம் ஆகியவை கரடி அண்மையில் இருப்பதைக் காட்டும். காக்கைகள் ஒரே இடத்தில் வட்டமிட்டாலோ அழுகல் நாற்றம் வந்தாலோ அங்கே ஏதோ ஒரு விலங்கு செத்துக் கிடக்கிறது, அதைக் கரடி காவல் காத்துக்கொண்டும் இருக்கலாம். என்னவென்று பார்க்கும் ஆவலை அடக்கி, வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

யெல்லோஸ்டோனில் கரடியிடமிருந்து 100 கஜ தூரம் விலகியிருக்க வேண்டும் என்பது சட்டம். கிரிக்கெட் பிட்ச்சின் நீளம் 22 கஜம் என்பதால், நாலரைப் பிட்ச் தூரம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். சாலையோரத்தில் கரடி தென்பட்டதும் கார்கள் வரிசையாக நின்றுவிட, கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடுகிறவர்கள் இந்தத் தூரத்தைத்தான் முதலில் மறக்கிறார்கள். கரடி தன் வேலையை விட்டுவிட்டு உங்களை நிமிர்ந்து பார்த்தாலே நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

கரடி ஸ்பிரே

மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசினை அழுத்தத்தில் அடைத்த குப்பி இது. தாக்க வரும் கரடியின் கண்ணிலும் மூக்கிலும் நுரையீரலிலும் எரிச்சலை உண்டாக்கி, அதைத் திருப்பி அனுப்புவது இதன் வேலை. அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை ஸ்பிரே பயன்படுத்தப்பட்ட நிகழ்வுகளை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வொன்று, கிரிஸ்லியை உள்ளடக்கிய பழுப்புக் கரடிகளில் 92 விழுக்காட்டிலும் கருங்கரடிகளில் 90 விழுக்காட்டிலும் அது பலித்ததாகக் கண்டது. ஆட்களின் மேல் அடிக்கும் சாதாரண பெப்பர் ஸ்பிரே இதற்கு மாற்றாகாது. கரடிக்கானது என்று அச்சிட்ட, 225 கிராமுக்குக் குறையாத, 25 அடியாவது பாயும் குப்பியாகப் பார்த்து வாங்குங்கள்; காலாவதித் தேதியையும் பாருங்கள்.

விமானத்தில் இதைக் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, சரக்குப் பெட்டியிலும் வைக்க முடியாது. எனவே பூங்காவை அடைந்த பின்னரே வாங்க வேண்டும். யோசெமிட்டியில் கரடி ஸ்பிரே வைத்திருப்பதே தடை செய்யப்பட்டுள்ளது. ஒரு பூங்காவில் கட்டாயம்போல் சொல்லப்படுவது இன்னொன்றில் குற்றமாகலாம் என்பதால், போகும் இடத்தின் விதியைத் தனித்தனியே படித்துவிட வேண்டும்.

குப்பியை வாங்கி முதுகுப்பையின் அடியில் வைத்திருப்பவர் அதை வாங்காதவருக்குச் சமம். கிரிஸ்லி மணிக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். பிட்ச்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வர அதற்கு ஒன்றரை நொடிகூட ஆகாது. அந்த ஒன்றரை நொடியில் பையைக் கழற்றி, ஜிப்பைத் திறந்து, சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே துழாவ முடியுமா? இடுப்புப் பட்டையிலோ மார்புப் பட்டையிலோ, ஒரே கையால் உருவும்படி உறையில் மாட்டிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒன்று இருப்பது நல்லது. பயிற்சிக்கென்று மருந்தில்லாத குப்பிகள் கிடைக்கின்றன. அதை வைத்து உருவுவதையும் பூட்டைத் தள்ளுவதையும் கை தானாகச் செய்யும்வரை பழகுங்கள்.

பயன்படுத்தும் முறை இது: கரடி பாய்ந்து வரும்போது, பிட்ச் நீளத்துக்குள், அதாவது 60 அடியிலிருந்து 30 அடிக்குள் அது வந்ததும், குழலைச் சற்றே கீழ்நோக்கிப் பிடித்து, கரடிக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு புகைமூட்டம் எழும்படி அடியுங்கள். கரடி அந்த மூட்டத்துக்குள் ஓடி வர வேண்டும். அது நின்றுவிட்டால் நீங்களும் நிறுத்திவிட்டு இடத்தை விட்டு அகலுங்கள். மேலும் நெருங்கினால் முகத்தைக் குறிவைத்து அடியுங்கள். கொசு மருந்துபோல் இதை உடம்பிலும் கூடாரத்திலும் முன்கூட்டியே பூசிக்கொள்பவர்கள் உண்டு. அதனால் தோல் எரிவதோடு, காய்ந்துபோன மருந்தின் வாசனை கரடியை வரவழைக்கவும் கூடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் குப்பியை விட்டுவிட்டுப் போகவும் கூடாது. சூட்டில் அது வெடிக்கும்.

புளியோதரையும் கரடியின் மூக்கும்

நம்மவர்களின் பயணத்தில் சாப்பாடு பாதிச் சுமை. நல்லெண்ணெய் மிதக்கும் புளியோதரை, எலுமிச்சைச் சாதம், இட்லிப் பொடி, தொக்கு, ஊறுகாய், முறுக்கு என்று கட்டிக்கொண்டு போவதில் தவறொன்றும் இல்லை. வெளியூரில் கிடைப்பதைவிட அது நல்ல சாப்பாடு என்பதுதான் என் கட்சி. ஆனால் பெருங்காய டப்பாவைத் திறந்தால் நமக்கே வீடு முழுக்க மணக்கிறது. கரடியின் மோப்பம் நாயினுடையதைவிடக் கூர்மையானது என்பார்கள்.

மனிதச் சாப்பாட்டை ஒருமுறை ருசித்த கரடி மீண்டும் மனிதரைத் தேடி வரும். கிளேசியர் பூங்காவில் 1967 ஆகஸ்ட் 13 அன்று, ஒரே இரவில் வெவ்வேறு இடங்களில் இரண்டு இளம்பெண்கள் கிரிஸ்லிகளால் கொல்லப்பட்டார்கள். அக்காலத்தில் விடுதிகளின் எச்சிலையும் குப்பையையும் கரடிகள் வந்து தின்பது பார்வையாளர்களுக்கு ஒரு வேடிக்கையாகவே இருந்தது. அந்த இரவுக்குப் பிறகே பூங்காக்களில் குப்பை, உணவு பற்றிய விதிகள் இறுகின; யெல்லோஸ்டோனில் கரடிகள் மேய்ந்துகொண்டிருந்த குப்பைமேடுகளும் 1970-ஐ ஒட்டி மூடப்பட்டன. இன்றும் சாப்பாட்டுக்காகக் கூடாரங்களைக் கிழிக்கப் பழகிய கரடியைப் பெரும்பாலும் பூங்கா நிர்வாகமே கொன்றுவிட நேர்கிறது. நாம் மேசையில் மறந்து வைத்த ஒரு டப்பா அதற்குத் தொடக்கமாக இருக்கலாம்.

இரவு தங்குவதாக இருந்தால், சமைக்கும் இடமும் சாப்பாட்டை வைக்கும் இடமும் கூடாரத்திலிருந்து 100 கஜமாவது தள்ளியிருக்க வேண்டும். முகாமில் இரும்புப் பெட்டி கொடுத்திருந்தால் எல்லாவற்றையும் அதில் வைத்துத் தாழிடுங்கள். அது இல்லாத காட்டு முகாமில், கரடியால் திறக்க முடியாத கெட்டி டப்பாவைப் பயன்படுத்தலாம். அல்லது தரையிலிருந்து பத்தடி உயரத்தில், அடிமரத்திலிருந்து நாலடி தள்ளி, கயிற்றில் தொங்கவிட வேண்டும். சாப்பாடு என்பதில் வாசனையுள்ள எல்லாமே அடங்கும்: பற்பசை, சோப்பு, தேங்காயெண்ணெய், தைலம், உதட்டுப் பூச்சு, குழந்தையின் பால்மாவு, காலியான சிப்ஸ் பாக்கெட், கழுவாத கரண்டி. சமைத்தபோது உடுத்திய சட்டையோடு தூங்கப் போகாதீர்கள். தாளிப்பு வாசனை அதில் ஒட்டியிருக்கும். யோசெமிட்டியில் இருட்டிய பிறகு காருக்குள் உணவை விட்டுவைப்பதே விதிமீறல். அங்குள்ள கரடிகள் கார்க் கதவைத் தகரம்போல் வளைத்துத் திறக்கக் கற்றவை. குழந்தையின் கார் இருக்கையில் சிந்திய பிஸ்கட் தூள்களையும் தட்டி எடுத்துவிடுங்கள்.

பெண்கள் பலர் கேட்கத் தயங்கும் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். மாதவிடாய்க் காலத்தில் நடந்தால் கரடி தேடி வரும் என்பதற்குக் கிரிஸ்லி, கருங்கரடி இரண்டின் விஷயத்திலும் சான்று இல்லை. பயன்படுத்திய நாப்கின்களைப் புதைக்காமல், இறுக மூடிய பையில் போட்டு, மற்றக் குப்பையோடு கரடிக்கு எட்டாமல் வைத்து வெளியே கொண்டுவந்துவிட்டால் போதும்.

எதிரில் நின்றுவிட்டால்

அது உங்களைக் கவனிக்கவில்லை என்றால், ஓசையின்றிப் பின்வாங்கி வந்த வழியே போய்விடுங்கள். கவனித்துவிட்டால், ஓடாதீர்கள். யெல்லோஸ்டோனின் வாப்பிட்டி ஏரிப் பாதையில் 2011 ஜூலையில் குட்டிகளோடு இருந்த கிரிஸ்லியை எதிர்கொண்ட தம்பதியர் கத்திக்கொண்டு ஓடினார்கள், கணவர் உயிரிழந்தார். ஓடியதும் கத்தியதும் கரடியைத் துரத்தத் தூண்டியிருக்கலாம் என்று பின்னர் நடந்த விசாரணை கருதியது.

குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள், அனைவரும் ஒருவரையொருவர் ஒட்டி நில்லுங்கள், ஸ்பிரேயை உருவிக்கொள்ளுங்கள். தாழ்ந்த, அமைதியான குரலில் பேசியபடியே மெல்லப் பக்கவாட்டிலோ பின்னாலோ நகருங்கள். பையைக் கழற்றி எறியாதீர்கள். பிறகு அதுவே உங்கள் முதுகுக்குக் கவசமாகும். கரடி பின்னங்காலில் எழுந்து நின்றால் அஞ்ச வேண்டாம்; என்னவென்று தெரிந்துகொள்ளத்தான் அப்படி நிற்கிறது. மூச்சை ஊதுவதும், தாடைகளை அடித்துக்கொள்வதும், தரையை அறைவதும், எச்சில் ஒழுகுவதும் அது பதற்றத்தில் இருப்பதைக் காட்டுகின்றன. சில சமயம் பாய்ந்து வந்து சில அடி தூரத்தில் நின்றுவிடும். அப்போதும் நிலைகுலையாமல் நிற்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஆனாலும் அதுவே செய்ய வேண்டியது, கையில் ஸ்பிரே இருந்தால் செய்யவும் முடியும்.

தாக்கினால்

இங்கேதான் இனமும் நோக்கமும் முக்கியமாகின்றன. திடுக்கிட்ட கிரிஸ்லி, அல்லது குட்டியையோ இரையையோ காக்கும் கிரிஸ்லி, நம்மை ஆபத்து என்று கருதித் தாக்குகிறது. அந்த ஆபத்து நீங்கிவிட்டதாக அது நம்ப வேண்டும். அது உடம்பில் மோதும் கணத்தில் குப்புறப் படுத்து, பையை முதுகிலேயே வைத்துக்கொண்டு, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, கரடி உங்களைப் புரட்டிவிட முடியாதபடி கால்களை அகட்டி வையுங்கள். புரட்டினால் அதே போக்கில் உருண்டு மீண்டும் குப்புற வாருங்கள். கதையில் வந்தவனைப்போல் மல்லாந்து கிடந்தால் முகமும் வயிறும் அதன் நகத்துக்குக் கிடைக்கும். கரடி விலகிய உடனே எழாதீர்கள். சற்றுத் தள்ளி நின்று அது பார்த்துக்கொண்டிருக்கலாம். அது போய்விட்டது என்று உறுதியாகும்வரை சில நிமிடங்கள் அசையாமல் கிடங்கள்.

தாக்குவது கருங்கரடி என்றால் படுக்கவே கூடாது. எதிர்த்துப் போராட வேண்டும். கல், கட்டை, கைத்தடி எது கிடைத்தாலும் அதன் மூக்கையும் கண்களையும் குறிவைத்து அடியுங்கள். எந்த இனமாக இருந்தாலும், பதற்றக் குறிகள் ஏதுமின்றிச் சத்தமில்லாமல் உங்களைப் பின்தொடர்ந்து வந்து தாக்கினாலோ, இரவில் கூடாரத்துக்குள் புகுந்தாலோ, நீங்கள் அசையாமல் கிடந்தும் கடிப்பதை விடாமல் தொடர்ந்தாலோ, அது உங்களை இரையாகப் பார்க்கிறது. அப்போதும் போராடுவதைத் தவிர வழியில்லை. ஸ்பிரே எல்லா நிலையிலும் முதல் ஆயுதம்.

திரும்பி வந்த பின்

கரடியை மிக அருகில் கண்டிருந்தால், தீங்கு நேராவிட்டாலும் அன்றே ரேஞ்சரிடம் இடத்தையும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். அடுத்த நாள் அந்தப் பாதையில் ஒட்டப்படும் எச்சரிக்கைத் தாள் அதிலிருந்துதான் பிறக்கிறது. ஸ்பிரே உங்கள் கண்ணிலேயே பட்டிருந்தால் தேய்க்காமல் நிறைய நீரால் அலசுங்கள். மீந்த குப்பியை விமான நிலையம்வரை கொண்டுபோய் அங்கே பறிகொடுக்காதீர்கள். குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள், குப்பையை நசுக்கும் இயந்திரத்தில் அது வெடித்துப் பணியாளரின் முகத்தில் பீய்ச்சும். எங்கே ஒப்படைப்பது என்று பூங்காவை விட்டுக் கிளம்பும் முன் பார்வையாளர் மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அல்லது அன்று காலை பூங்காவுக்குள் நுழையும் வேறொரு குடும்பத்திடம் தேதியைக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.